பால்சுறா

எட்டு மணிக்குக் கஞ்சி.
ஒன்பதுக்கும் அதே கஞ்சி, சூடாக்கி.
கைலாயநாதர் பல்லைக் கிட்டிக்கொண்டு
சுவரைப் பார்க்கிறார்.
"ஆ காட்டுங்கோ ஐயா."
என் வாய்தான் திறக்கிறது.

கச்சேரியில் தலைமைக் கிளாக்கர்.
எத்தனை பேரின் விண்ணப்பத்தைத்
திருப்பி அனுப்பியிருப்பார்.
இப்போது கரண்டியை அனுப்புகிறார்,
காரணம் எழுதாமல்.

நான் ஜெசிந்தா, பாசையூர்.
ஞாயிறு பூசைக்கு மட்டும் லீவு.
வந்த அன்றே மெல்பேணிலிருந்து மகன் சொன்னார்:
"அப்பா பிறவிச் சைவம் அக்கா.
குறை நினையாதேங்கோ,
உங்கட சாப்பாட்டைக் கிணத்தடிப் பக்கம் வச்சுச் சாப்பிடுங்கோ."
குறை என்ன?
கொக்குவிலில் என் அப்பாவுக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம்
பின்பக்கமாய்த்தான் தெரியும்.

ஆனி வெயில். கிணற்றுக்கட்டு காலைச் சுட்டது.
அன்றைக்கு மட்டும் குசினி வாசலில் இருந்து
பெட்டியைத் திறந்தேன்.
பால்சுறா வறை. தேங்காய்ப்பூ, மஞ்சள்,
கொஞ்சம் பச்சைமிளகாய்.
பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற
எங்கள் பக்கம் கொடுக்கிற கறி.

கதிரையில் மூக்கு அசைந்தது.
பிறகு கழுத்து.
பிறகு, மூன்று கிழமையாய்
நான் கெஞ்சியும் பாடியும் ஏசியும் திறவாத வாய்
தானாய்த் திறந்தது.

நான் பெட்டியை மூடினேன்.
அவரும் மூடினார்.

முப்பத்தொன்பது கிலோ, என்றாள் டொக்டர்.
சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள், களைத்திருந்தாள்.
"மூக்கால் குழாய் விட்டால்
ஆயுள் கூடும் எண்டு நான் சொல்லமாட்டன்.
பிடுங்குவார். கை கட்டவேண்டி வரும்.
விருப்பமானதை,
விழுங்கிற அளவு, கையால் குடுங்கோ."

விருப்பமானதை.

மகன் போனுக்குள் அழுதார்.
அங்கே இரவு; அவருக்குப் பின்னால்
யாரோ கோப்பை கழுவுகிற சத்தம்.
"பட்டினி கிடந்து போனார் எண்டு சனம் கதைக்கும்.
குழாயைப் போடச் சொல்லுங்கோ அக்கா."
பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை.

நல்லூரில் கொடி ஏறியது.
ஊர் முழுக்கச் சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று.
நானும் மீன் வாங்கவில்லை,
பக்தியால் இல்லை, வாசத்துக்குப் பயந்து.
லவுட்ஸ்பீக்கரில் தேவாரம் வருகிறபோது
அவர் உதடு அசையும்.
கரண்டியை நீட்டினால் நிற்கும்.

எழுபது வருசம் மச்சத்தைத் தொடாத ஒருவர்.
பெட்டியைக் கண்டு வாய் திறந்த ஒருவர்.
எந்தக் கைலாயநாதருக்கு
நான் சம்பளம் வாங்குகிறேன்?
முதலாமவர் என்னைக் குசினிக்குள் விட்டிருக்கமாட்டார்.
அதற்காகத்தான் செய்தேனோ என்று
பிறகு ஒரு இரவு முழுக்க யோசித்தேன்.
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தேர் முடிந்து, தீர்த்தமும் முடிந்த பிறகு
வறையை அம்மியில் வைத்து இழைத்து
கஞ்சியில் கரைத்தேன்.
நகக்கண் அளவு.
நாடி தாழ்த்தி,
தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
காற்று மாறிய நாளில்
கரையில் நின்று வள்ளம் பார்க்கிற மாதிரி.
இறங்கியது.
இருமல் இல்லை.
என் விரலைப் பிடித்து
உள்ளே இழுத்தார்.

ஏழு கரண்டி.

வாயைத் துடைத்தேன்.
காலமை நான் பூசிவிட்ட விபூதி
வேர்வையில் கலைந்திருந்தது.
கையைச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி
திரும்பப் பூசினேன்.
பூசலாமோ தெரியாது.

சனிக்கிழமை சங்கீர்த்தனம்.
சாமியாரிடம் எதைச் சொல்ல?
கொடுத்ததையா,
அத்தனை நாள்
பெட்டியை மூடி வைத்திருந்ததையா?

பின்னேரம் மகன் எடுத்தார்.
போனை அவர் முகத்துக்குத் திருப்பினேன்.
ஐயா உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.
மகன் கனநேரம் பார்த்தார்.
என்ன கறி என்று கேட்பார் என நின்றேன்.

"எத்தினை கரண்டி?"
என்று மட்டும் கேட்டார்.